அந்த மந்திரவாதி எங்கே படித்தான்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நலம்தானே? பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்காக ஒரு மாயக்கதை எழுத ஆரம்பித்தேன். நடுக்கடலில் ஒரு தீவு, காற்றின் பேச்சு புரிகிற ஒரு பையன். இரண்டு அத்தியாயம் ஓடியது, மூன்றாவதில் நின்றுவிட்டது. சின்னவன் தூங்கிய பிறகு, இரவு பத்து மணிக்குத்தான் எழுதவே உட்கார முடிகிறது. ஆபீஸ், வீடு தவிர எங்கும் போனதில்லை. கடலையே மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் போன்றவர்களுக்கு இந்தக் கற்பனையெல்லாம் எங்கிருந்து வந்திருக்கும்? அவர்கள் வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்குமோ?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

நலம். நல்லவேளை, லெ குவினைப் பற்றிக் கேட்டீர்கள். தன் கதைகள் எங்கிருந்து வந்தன என்பதை அவர் ஒளிக்காமல் பேசியவர்.

1967-ல் அவர் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரில் இருந்தார். கணவர் வரலாற்றுப் பேராசிரியர். மூன்று பிள்ளைகள், கடைக்குட்டிக்கு மூன்று வயது. அப்போது பர்னாசஸ் பிரஸ் என்ற சின்னப் பதிப்பகத்தின் உரிமையாளர், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம். அதுவரை லெ குவினிடம் இப்படி யாரும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டதில்லை. முதலில் பயந்துபோய், தனக்கு அது வராது என்றார். அப்புறம் வீட்டுக்கு வந்து யோசித்தார்.

யோசித்தது ரொம்பச் சாதாரண விஷயம். கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லோரும் வெள்ளைத் தாடிக் கிழவர்கள். அவர்களுக்கும் ஒரு காலத்தில் பதினைந்து வயது இருந்திருக்குமே? வித்தையை எங்கே கற்றார்கள்? ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ நாவல் அங்கிருந்துதான் கிளம்பியது. 1968-ல் வெளிவந்தது. ஏழு கடல் ஏழு மலை தாண்டி, கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த மந்திரவாதி கதையைக் கேட்டுத்தான் நாமும் வளர்ந்தோம். அவன் எந்த வாத்தியாரிடம் படித்தான் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கிளி சாவதற்குள் தூங்கியிருப்பேன்.

எழுத ஆரம்பிக்கும் முன் அவர் வரைபடம் போட்டார். ஒரு பெரிய தாளில் தீவு தீவாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். மூன்று குட்டித் தீவுகளுக்குத் தன் பிள்ளைகளின் செல்லப் பெயர்கள். அந்தத் தீவுகளில் யார் இருக்கிறார்கள் என்பதே அப்போது அவருக்குத் தெரியாது, பெயர் மட்டும்தான் தெரியும். எர்த்சீ என்ற அந்தத் தீவு உலகத்தில் மந்திரம் என்பதே பெயர்தான். ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால் அது உங்கள் கட்டுக்குள் வந்துவிடும். அதனால் மனிதர்கள் தங்கள் உண்மைப் பெயரை உயிருக்கு உயிரானவர்களிடம் தவிரச் சொல்ல மாட்டார்கள்.

இங்கே எனக்கு ஓர் ஊகம் உண்டு. லெ குவினின் அப்பா ஆல்ஃப்ரட் க்ரோபர் மானுடவியலாளர். 1911-ல், கலிஃபோர்னியாவில், தன் மக்கள் எல்லோரையும் பறிகொடுத்த யாஹி என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் காட்டிலிருந்து வெளியே வந்தார். அந்நியரிடம் சொந்தப் பெயரைச் சொல்வது அவர்கள் வழக்கத்தில் இல்லை. அதனால் க்ரோபர் அவரை ‘இஷி’ என்று கூப்பிட்டார். அவர்கள் மொழியில் ‘மனிதன்’ என்று அர்த்தம். 1916-ல் இறக்கும்வரை இஷி தன் பெயரைச் சொல்லவில்லை. லெ குவின் பிறந்ததே 1929-ல்தான், ஆகவே இஷியைப் பார்த்ததில்லை. ஆனால் இஷியின் வரலாற்றைப் புத்தகமாக எழுதியவர் லெ குவினின் அம்மா தியோடரா. அது வந்தது 1961-ல். ஏழே வருஷத்தில் மகளின் நாவலில் எல்லோரும் பெயரை ஒளித்துவைக்கிறார்கள். அவர் தெரிந்து செய்தாரா என்பது வேறு விஷயம். வீட்டில் புழங்கிய பேச்சு எழுத்தில் வராமல் போகாது என்றே நினைக்கிறேன். தாத்தாவின் பெயரைக் கடைசிவரை வாயால் சொல்லாத பாட்டிகள் நம் வீடுகளிலும் இருந்தார்கள்.

பயணம் பற்றிக் கேட்டீர்கள். எர்த்சீ வரிசையின் இரண்டாவது நாவலில் வரும் அட்டுவான் பாலைவனம், அவர் ஒரிகனின் தென்கிழக்கு மூலைக்குப் போய்வந்த ஒரு பயணத்தில் கிடைத்தது. சொந்த மாநிலம்தான். உங்கள் மூன்று தடவைக் கடல் தாராளம்.

அப்புறம் நேரம். அவருடைய தினசரி அட்டவணை என்று ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. காலை ஐந்தரைக்கு விழிப்பு, ஏழேகாலிலிருந்து மதியம்வரை எழுத்து, இரவு எட்டுக்கு மேல் மூளை வேலை செய்யாது என்று. அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அது 1988-ல் ஒரு பேட்டியில் சொன்னது. பிள்ளைகள் வளர்ந்து போன பிறகு. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அவரும் அவர்களைத் தூங்கவைத்துவிட்டு இரவில்தான் எழுதினார். 11 வயதில் ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்பித் திரும்பி வந்தது. கதைக்கு முதன்முதலில் காசு வந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

எனக்கு அவருடைய நாவல்களில் மிகவும் பிடித்தது எர்த்சீ வரிசையில் நான்காவதான ‘டெஹானு’. மூன்றாவது வந்தது 1972-ல், இது 1990-ல். நடுவில் ஒரு தடவை ஆரம்பித்து, முடியாமல் வைத்துவிட்டார். இதில் வீரசாகசம் குறைவு. ஒரு விதவை ஆடு மேய்க்கிறாள், தீயில் வெந்த ஒரு குழந்தையை வளர்க்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள். மகாமந்திரவாதி வித்தையெல்லாம் இழந்து அவள் வீட்டுக்கு வந்து சேர்கிறார். முதல் மூன்று நாவல்களை ஆண்கள் எழுதிவந்த முறையிலேயே எழுதிவிட்டதாக அவரே பின்னால் சொன்னார். பத்து மணிக்கு அடுப்படியைத் துடைத்துவிட்டு எழுத வரும் நீங்கள் இந்த நாவலைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

மூன்றாம் அத்தியாயம் ஏன் நின்றது என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு ஒரு சந்தேகம். காற்றின் பேச்சு புரிகிற பையன் என்கிறீர்கள். அவனுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது?