முதல் கார்: வேகன் ஆரா, ஸ்விஃப்ட்டா, பழைய போலோவா?

கேள்வி: எனக்கு வயது 27. சொந்த ஊர் பொள்ளாச்சி, கோவை சரவணம்பட்டியில் ஐடி வேலை. பிடித்தம் போகக் கையில் 65,000 ரூபாய் வருகிறது. வாடகை, சாப்பாட்டுக்கு 18,000, வீட்டுக்கு 10,000, எஸ்ஐபிக்கு (மியூச்சுவல் ஃபண்ட் மாதச் சேமிப்பு) 10,000 போகிறது. எஃப்டியில் 5.5 லட்சம் இருக்கிறது, கடன் எதுவும் இல்லை. இதுவரை ஸ்கூட்டர்தான். இப்போது முதல் கார். தினமும் ஆபீஸ், வாரக்கடைசியில் ஊர், முடிந்தபோதெல்லாம் வால்பாறை. கார் ஓட்டுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்பா, “வேகன் ஆர் எடும்மா, மைலேஜும் வரும், வித்தா காசும் வரும்” என்கிறார். எனக்கு ஸ்விஃப்ட் மேல் ஆசை. விஎக்ஸ்ஐ மேனுவலுக்கு ஆன்ரோடு 7.85 லட்சம் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். கூட வேலை செய்பவர் தன் 2020 ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ மேனுவலை 5.25 லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார், 62,000 கி.மீ. ஓடியது. லோன் விசாரிக்கப் போன இடத்தில், “12.4 லட்சத்துக்கு எஸ்யூவியே எடுங்க மேடம், பத்து லட்சம் லோன், ஏழு வருஷம், மாசம் பதினாறாயிரம்தான்” என்றார்கள். எதை எடுப்பது? ஓட்டப் பிடிக்கிறது என்பதற்காகப் பணம் செலவழிப்பது தப்பா சார்?

பதில்: தப்பே இல்லை. பிடிக்காத காரை வாங்குவதுதான் பல நேரம் வீண்செலவில் முடிகிறது. அப்பா சொல்லும் வேகன் ஆரையே எடுத்துக்கொள்வோம். நல்ல வண்டி. ஏறி இறங்க வசதி, பின்சீட்டில் பெரியவர்கள் நிம்மதியாக உட்காரலாம், பழைய வண்டிச் சந்தையில் தேடி வாங்குவார்கள். ஸ்விஃப்ட்டோடு ஒப்பிட்டால் உங்களுக்குச் சுமார் ஒரு லட்சம் மிச்சமாகும். ஆனால் மனசு ஒட்டாமல் மூன்றாவது வருஷம் மாற்றினீர்கள் என்றால்? அடுத்த வண்டிக்குத் திரும்பவும் லைஃப் டாக்ஸ், அதாவது புது வண்டியைப் பதிவு செய்யும்போது ஒரே தடவையாகக் கட்டும் வரி. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு அது 13 சதவீதம். ஸ்விஃப்ட் மாதிரி ஒரு வண்டிக்கு அது மட்டுமே 85,000 ரூபாயைத் தாண்டிவிடும். முதல் வண்டி இறங்கிய விலை தனி. மிச்சம் பிடித்த லட்சம் அங்கேயே கரைந்துபோகும். கார் விஷயத்தில் பணத்தைக் காப்பாற்றுவது ஒரே வண்டியை எட்டு வருஷம், பத்து வருஷம் வைத்து ஓட்டுவதுதான். பிடித்த வண்டியைத்தான் யாரும் அத்தனை வருஷம் வைத்திருப்பார்கள்.

அதற்காக எஸ்யூவி பக்கம் போய்விடாதீர்கள். “பதினாறாயிரம்தான்” என்று சொன்னவர் முழுக் கணக்கையும் சொல்லவில்லை. பத்து லட்சத்துக்கு 9 சதவீத வட்டி, ஏழு வருஷம் என்றால் இஎம்ஐ 16,089 ரூபாய். மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் மூன்றரை லட்சம். இன்னொரு விஷயத்தையும் சொல்லியிருக்க மாட்டார். வண்டி விலை பத்து லட்சத்தைத் தாண்டினால் லைஃப் டாக்ஸ் 13-லிருந்து 18 சதவீதமாகிவிடும். 9.95 லட்சம் காருக்கு வரி 1,29,350 ரூபாய், 10.05 லட்சம் காருக்கு 1,80,900. விலையில் பத்தாயிரம்தான் வித்தியாசம், வரியில் ஐம்பதாயிரத்துக்கு மேல். சன்ரூஃப் வேண்டும் என்று ஒரு வேரியன்ட் மேலே போகிறவர்கள் பலர் இந்தக் கோட்டைக் கவனிப்பதே இல்லை.

உங்கள் செலவெல்லாம் போக மாதம் 27,000 நிற்கிறது. எஸ்யூவி எடுத்தால் இஎம்ஐ, பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் சேர்த்து அந்த 27,000-மும் வண்டிக்கே போய்விடும். அப்புறம் வால்பாறைக்குப் போகப் பெட்ரோல் போடவே யோசிப்பீர்கள்.

இப்போது போலோ. ஓட்டும் சுகத்தை மட்டும் பார்த்தால் இந்த நான்கில் அதுதான் முதலிடம், மறைக்கவேண்டியதில்லை. 110 குதிரைத்திறன் டர்போ இன்ஜின். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் மூச்சு வாங்காமல் ஏறும். ஸ்விஃப்ட்டின் 82 குதிரைத்திறன் மூன்று சிலிண்டர் இன்ஜினுக்குக் கியரைக் குறைத்துக் கொஞ்சம் விரட்டவேண்டியிருக்கும். போலோ என்றதும் டிஎஸ்ஜி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கதையைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அது பழைய 1.2 ஜிடி வண்டியின் தலைவலி. நீங்கள் பார்ப்பது மேனுவல், உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். போலோ உற்பத்தி 2022-ல் நின்றுவிட்டாலும் அதே 1.0 டிஎஸ்ஐ குடும்ப இன்ஜின் அந்தக் கம்பெனியின் டைகனிலும் விர்ட்டஸிலும் வருவதால், இன்ஜின் பாகங்களைத் தேடி அலையவேண்டியிருக்காது. பம்பர், ஹெட்லைட், கதவு மாதிரி போலோவுக்கே உரிய பாகங்கள்தான் வருஷம் போகப்போகக் காத்திருக்க வைக்கும்.

அங்கேதான் நான் தயங்குகிறேன். இது உங்கள் முதல் கார், ஒரே கார், தினசரி கார். ஒரு பாகத்துக்காக வண்டி இரண்டு வாரம் ஒர்க்‌ஷாப்பில் நின்றால், மழையில் சத்தி ரோட்டு நெரிசலில் திரும்பவும் ஸ்கூட்டர்தான். இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பிரச்சினையும் இருக்கிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் பாகங்கள் அதற்கு ஏற்றபடி வந்தவை. 2020 வண்டிக்கு அந்த உத்தரவாதத்தை நீங்களாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் மூடியின் உள்பக்கமும் ஓனர்ஸ் மேனுவலும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள்.

ஆகவே என் ஓட்டு ஸ்விஃப்ட்டுக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி, செஸ் எல்லாம் சேர்த்து 29-லிருந்து 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது. புது வண்டிக்கும் பழைய வண்டிக்கும் இருந்த இடைவெளி அதனால் சுருங்கிவிட்டது. போலோ விலையும் அதற்கேற்ப இறங்கியிருக்க வேண்டும். 5.25 லட்சம் அதிகம் என்றே எனக்குப் படுகிறது. பாதுகாப்பைப் பற்றி யாராவது சொன்னால், அது நியாயமான கவலைதான்: முந்தைய தலைமுறை ஸ்விஃப்ட் 2022-ல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது. 2024-ல் வந்த புது ஸ்விஃப்ட்டில் எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் இஎஸ்சி இருக்கின்றன. அப்படியும் மனசு உறுத்தினால் 2020-ல் ஐந்து நட்சத்திரம் வாங்கிய டாடா அல்ட்ராஸையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கோவை நெரிசலுக்காக ஏஎம்டி (கிளட்ச் மிதிக்கவேண்டாத ஆட்டோமேட்டிக்) எடுக்கலாமா என்று யோசனை வந்தால், அதற்குச் சுமார் 45,000 கூடும். மலை ஏறுவது பிடிக்கும் என்கிறவர் மேனுவலிலேயே இருக்கலாம்.

எஃப்டியில் நான்கு லட்சத்தை எடுத்து முன்பணம் கட்டுங்கள். எஃப்டி வட்டிக்கு வரி போக நிற்பது லோன் வட்டியைவிடக் குறைவு. அதை வைத்துக்கொண்டு கடன் வாங்குவதில் லாபம் இல்லை. மீதி ஒன்றரை லட்சம் அவசரத்துக்கு, அதில் கை வைக்காதீர்கள். 3.85 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் நான்கு வருஷ லோன்: இஎம்ஐ சுமார் 9,600, மொத்த வட்டி 75,000-க்குள். மாதம் ஆயிரம் கி.மீ. ஓடினால் பெட்ரோல் ஆறாயிரம், இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாவற்றுக்கும் மூவாயிரம் ஒதுக்குங்கள். 18,600 ஆகிறது. எஸ்ஐபியை நிறுத்தாமலே 8,400 மிஞ்சுகிறது.

கையெழுத்துப் போடும் முன் ஒரு சின்னச் செலவு. ஷோரூம்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மூன்று கி.மீ. சுற்றி வருவதில் ஒன்றும் தெரியாது. அதே மாடலை செல்ஃப் டிரைவில் வாடகைக்கு எடுத்து ஒரு சனிக்கிழமை வால்பாறை போய் வாருங்கள். அப்பா, அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவையுங்கள். அம்மாவுக்கு இடுப்பு வலித்தால் வேகன் ஆர் பேச்சு திரும்ப வரும், அப்போது அதில் நியாயமும் இருக்கும்.

கொட்டேஷனையும் வரிவரியாகப் படியுங்கள். இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே விலை கேட்டு அதைக் காட்டினாலே அவர்கள் குறைப்பார்கள். பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் க்ளெய்ம் தரும் ஜீரோ டெப் எடுங்கள். முதல் வருஷம் க்ளெய்ம் இல்லாவிட்டால் இரண்டாவது வருஷம் 20 சதவீதத்தில் தொடங்கும் நோ க்ளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி, க்ளெய்மே இல்லாத ஐந்து வருஷத்தில் 50 சதவீதம் வரை போகும்; சின்னக் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போட்டு அதை இழக்காதீர்கள். ஆக்சஸரி பேக், செராமிக் கோட்டிங் இரண்டையும் அடித்துவிடுங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி மட்டும் எடுக்கலாம்.

இத்தனை சொன்ன பிறகும் மனசு போலோவிலேயே நின்றால், நான் தடுக்கமாட்டேன். நாலரை லட்சத்துக்கு வந்தால் பேசுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் காசு கட்டி முழுச் சோதனை செய்து, சர்வீஸ் ரெக்கார்டும் இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரமும் கேளுங்கள். அரசின் பரிவாகன் தளத்தில் ஆர்சியைப் பார்த்து, லோன் பாக்கி இருந்தால் வங்கி என்ஓசியும் ஆர்சியில் உள்ள லோன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ஐ வாங்கி உடனே பெயர் மாற்றுங்கள்; இன்சூரன்ஸை மாற்ற 14 நாள்தான் அவகாசம், நண்பரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. ரிப்பேருக்கென்று 75,000 தனியாக எடுத்து வையுங்கள். ஸ்கூட்டரை மட்டும் விற்றுவிடாதீர்கள்.