ஒருசந்தி, சாம்பல், சிலுவைப்பாதை: பங்குத்தந்தை பதில்கள்

உயிர்ப்பு விழாவுக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தை ஒட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறுநகர் ஒன்றின் பங்குத்தந்தை பதிலளிக்கிறார்.

கேள்வி: ஃபாதர், என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டும் வேலை செய்கிறார். போன சாம்பல் புதனன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலைக்குப் போய் மயங்கி விழுந்துவிட்டார். இந்த முறையும் அப்படித்தான் இருப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: அம்மா, அவருடைய பக்தியை மதிக்கிறேன். ஆனால் திருச்சபை கேட்காததை அவர் தம் உடம்பிடம் கேட்கிறார். ஒருசந்தி என்னும் நோன்பு கடமையான நாள்கள் இரண்டே இரண்டு: தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன், பெரிய வெள்ளி (புனித வெள்ளி). அதுவும் 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும் வரைதான். அன்று ஒரு வேளை வயிறார உண்ணலாம். மற்ற இரு வேளையும் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம். 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வகுத்த உணவு ஒழுங்கு இது. தண்ணீருக்குத் தடையே இல்லை. முஸ்லிம் நண்பர்கள் நோன்பு மாதத்தில் பகல் முழுதும் தண்ணீரும் அருந்தாமல் இருப்பதைப் பார்த்து, நம் ஒருசந்தியும் அப்படித்தான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அவர்கள் ஒழுங்கு வேறு, நம்முடையது வேறு.

பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு) போகுமுன் இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு கோப்பியும் சாப்பிடட்டும். முழுச் சாப்பாட்டை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். இரவில் கஞ்சி போதும். தண்ணீர்ப் போத்தலைத் தோளிலேயே மாட்டிக்கொண்டு, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் குடிக்க வேண்டும். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, தலைக்கு மேலே குலை அறுப்பவருக்குக் கண் இருட்டினால் கீழே நிற்பவருக்கும் ஆபத்து. பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்தாலோ ஒருசந்தியை அங்கேயே விட்டுவிட்டு, அவரை நிழலில் கிடத்தி உடம்பை நனைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கடும் உழைப்பாளிகள், நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஒருசந்தி இருக்காவிட்டால் அது பாவமில்லை. சந்தேகம் இருந்தால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். தகுந்த காரணம் இருந்தால் விலக்கு அளிக்கவும், வேறு பக்திச் செயலாக மாற்றித் தரவும் திருச்சபைச் சட்டம் 1245 அவருக்கு அதிகாரம் தருகிறது. இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் குறைக்கக் கூடாது. இரத்தச் சர்க்கரை அளவு 4 mmol/L-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சீனியைக் கரைத்து உடனே குடிக்க வேண்டும். அதற்குப் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) தேவையில்லை.

கேள்வி: தவக்கால வெள்ளிக்கிழமை நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிடலாமா? சீனப் பெருநாள் விருந்துக்கு அழைத்தால்? (வாசகர், தைப்பிங்)

பதில்: தாராளமாக. சுத்தபோசனம் விலக்குவது இறைச்சியை மட்டும்தான். முட்டை, நெத்திலி, பெலாச்சான் (இறால் விழுது), பால் எதற்கும் தடையில்லை. 14 வயது நிறைந்த எல்லோரும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும். இதற்கு மேல்வயது வரம்பு கிடையாது. ஆனால் கோழியை விட்டுவிட்டுப் பெரிய இறாலாகப் பார்த்து வாங்குவது சட்டத்துக்குப் பொருந்தினாலும் தவத்துக்குப் பொருந்தாது. வெள்ளிக்கிழமையில் பெருவிழா வந்தால் சுத்தபோசனம் இல்லை: 2027-இல் புனித சூசையப்பர் பெருவிழாவான மார்ச் 19 வெள்ளியில் வருகிறது. சீனப் பெருநாளைப் பொறுத்தவரை, 2018-இல் அது தவக்கால வெள்ளியிலேயே வந்தது. 2026-இல் சாம்பல் புதனுக்கு முந்திய நாள் வந்தது. இப்படி மோதும்போது மறைமாவட்டம் முழுமைக்கும் விலக்கு அளிப்பவர் ஆயர்தான். ஞாயிறு அறிவிப்பைக் கவனியுங்கள்.

கேள்வி: சாம்பல் புதனன்று நெற்றியில் பூச, எங்கள் சிற்றாலயத்தில் நாங்களே பழைய குருத்தோலையை எரித்துச் சாம்பல் தயாரிக்கிறோம். போன முறை சிலருக்கு நெற்றி எரிந்தது. ஏன்? (உபதேசியார், பாகான் செராய்)

பதில்: தண்ணீர் ஊற்றிக் குழைத்திருப்பீர்கள். ஓலைச் சாம்பலில் உள்ள உப்புகள் நீரில் கரைந்தால் காரமாகி, தோலை எரித்துவிடும், கொப்புளமும் வரலாம். சாம்பல் உலர்ந்தே இருக்கட்டும். ஒட்டவில்லை என்றால் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விடுங்கள்.

எரிக்குமுன் ஓலைச் சிலுவையில் குத்திய ஊசி, ரிப்பன், பிளாஸ்டிக் பூ எல்லாவற்றையும் அகற்றுங்கள். ஈர்க்கையும் உருவிவிடுங்கள், அது பொடியாகாது. நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்த ஓலை புகையும், எரியாது. ஒரு நாள் வெயிலில் போட்டெடுங்கள். பழைய பிஸ்கட் டின்னில், வெளியில் வைத்து எரியுங்கள். தீ அடங்கும் நேரத்தில் மூடிவிட்டால் கறுப்பாக நிற்கும். முழுதும் எரியவிட்டால் வெளுத்துப்போய் நெற்றியில் தெரியாது. நன்றாக ஆறியதும் இடித்து, மெல்லிய துணியில் சலித்து, இறுக மூடும் கண்ணாடிப் போத்தலில் வையுங்கள். ஒரு மேசைக்கரண்டிப் பொடி ஏறக்குறைய நூறு பேருக்கு வரும்.

சாம்பலை ஆசீர்வதிப்பது குருவோ திருத்தொண்டரோதான். அவர்கள் வர முடியாத தோட்டத்துக்கு, ஆசீர்வதித்த சாம்பலைப் பங்கிலிருந்து வாங்கிப்போய் நீங்கள் பூசலாம். இந்துக் குடும்பத்திலிருந்து வந்த மருமகளோ அண்டைவீட்டாரோ விரும்பி வந்து நின்றால் அவர்களுக்கும் பூசுங்கள். நற்கருணைக்குத்தான் வேறு ஒழுங்கு.

கேள்வி: செம்பனைக் காட்டுக்குள் சிலுவைப்பாதை நடத்தலாமா? (இளைஞர் குழு, தெலுக் இந்தான்)

பதில்: நடத்துங்கள் தம்பிகளே, அழகான காரியம். முதலில் நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்து, அன்று அந்தப் பகுதியில் குலை வெட்டும் மருந்தடிப்பும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். இயேசுவின் பாடுகளை நினைத்து நின்று செபிக்கும் 14 நிலைகளுக்கும் மரச்சிலுவை வேண்டும். படம் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. இரண்டு நிலைகளுக்கு இடையே ஒரு பாட்டின் ஓரடி பாடி முடிக்கும் தூரம் போதும். நீண்டுபோனால் பின்வரிசைக்கு வாசகம் கேட்காது. நிலைக்கு மூன்று நிமிடம் என்றாலே 42 நிமிடம் ஆகும், நடை தனி. ஆகவே ஐந்தே முக்காலுக்குத் தொடங்கினால் மஃரிப் (அந்திநேர) தொழுகை அழைப்புக்கு முன்பே முடித்து ஒலிபெருக்கியை நிறுத்திவிடலாம். வெட்டிப்போட்ட மட்டையின் முள் கால்செருப்பைத் துளைக்கும், சப்பாத்து போடச் சொல்லுங்கள். வயதானவர்கள் ஒரே இடத்தில் நாற்காலியில் அமர்ந்து செபித்தாலும் பலன் குறையாது.

கேள்வி: தினமும் குடிக்கும் என் தம்பி, தவக்காலத்தில் ஒரே அடியாக நிறுத்துகிறேன் என்கிறான். (வாசகி, தாப்பா)

பதில்: அந்த மனதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா. ஆனால் பல வருடமாக நாள்தோறும் அதிகம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், வேர்வை, சிலருக்கு வலிப்பும் வரும். சாம்பல் புதனுக்கு முன்பே அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, மருந்தோடு நிறுத்த வேண்டும். "ஞாயிறு நாற்பது நாள் கணக்கில் வராதே" என்று நண்பர்கள் இழுப்பார்கள். குடியை விடுகிறவருக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. மிச்சமாகும் காசு ஆலய உண்டியலுக்கு வருமுன் வீட்டு மளிகைக் கடனுக்குப் போகட்டும்.

கேள்வி: எங்கள் பங்கில் தமிழ் தெரிந்த குரு இல்லை. பாவசங்கீர்த்தனம் எப்படிச் செய்வது? (வாசகி, கம்பார்)

பதில்: தவக்கால ஒப்புரவு நாளில் பக்கத்துப் பங்குகளிலிருந்து குருக்கள் வருவார்கள், தமிழ் தெரிந்தவர் யார் என்று விசாரியுங்கள். ஒருவரும் இல்லையென்றால் மொழிபெயர்ப்பவர் ஒருவரை வைத்துக்கொள்ளவும் சட்டம் அனுமதிக்கிறது. குருவைப் போலவே அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். பெரிய பாவங்களை வகையும் எண்ணிக்கையுமாகச் சொன்னால் போதும். மாமியாரின் குற்றங்களை அவரே வந்து சொல்லிக்கொள்வார்.

கேள்வி: பெரிய வெள்ளிக்கு லீவு இல்லை. மாலை ஐந்து வரை ஃபேக்டரி. (வாசகர், ஈப்போ)

பதில்: சபா, சரவாக்கில் பொது விடுமுறை, தீபகற்பத்தில் இல்லை. ஆண்டு விடுப்பில் அரை நாளை இப்போதே எழுதிக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் இரவு வழிபாட்டுக்கு வாருங்கள்: மூன்று மணிதான் பொருத்தமான நேரம் என்றாலும், மேய்ப்புப்பணித் தேவைக்காக இரவு ஒன்பதுக்குள் வைக்கத் திருச்சபை இடம் தருகிறது. உங்கள் பங்கில் இரவு வழிபாடு இல்லையென்றால், பங்குப் பேரவையில் இப்போதே கேளுங்கள். ஷிப்ட் வேலைக்காரர்கள் பலர் கேட்டால் நடக்கும். அன்று ஒருசந்தி நாள். வேலை முடிந்து நேரே வருகிறவர்கள் ஐந்து மணிக்கு ஏதாவது சிறிது உண்டுவிட்டு, முழுச் சாப்பாட்டை வழிபாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நற்கருணை வாங்குமுன் ஒரு மணி நேரம் தண்ணீரும் மருந்தும் தவிர வேறெதுவும் வேண்டாம்.