சமையல் மேடைக்கு எந்தக் கல் நிலைக்கும்?

கேள்வி: சமையல் மேடையை மாற்றப் போகிறோம். எனக்கு வெள்ளை மார்பிள் மேல் ஆசை. குவார்ட்ஸ் போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார் கடைக்காரர். என் அம்மா அடுப்பிலிருந்து இறக்கும் பாத்திரத்தை அப்படியே மேடையில் வைத்துவிடுவார். 20 வருஷமாவது தாங்கவேண்டும். எதைப் போடலாம்?

பதில்: உங்கள் கேள்விக்கான விடை அம்மாவின் பழக்கத்திலேயே இருக்கிறது. வயதான பிறகு அவர் கையை மாற்றச் சொல்வது நியாயமில்லை. அந்தக் கைக்கு ஏற்ற கல்லைத் தேடுவோம். என் யோசனை: சூடு தாங்கும் கிரானைட், அதிலும் அடர்ந்த நிறமுள்ள, நெருக்கமான மணிகள் கொண்டது.

குவார்ட்ஸ் ஏன் வேண்டாம் என்கிறேன்? கடையில் அந்தப் பெயரில் விற்பது மலையிலிருந்து பலகையாக அறுத்தெடுத்த கல் இல்லை. குவார்ட்ஸை நொறுக்கி, எடையில் சுமார் 90 சதவீதம் அதையும் மீதிக்குப் பிசினும் நிறமியும் சேர்த்து, அழுத்திச் செய்த பலகை. கீறலைத் தாங்குவது அந்தக் கல். சூட்டுக்குத் தோற்பது அந்தப் பிசின். சுமார் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே ஆபத்துதான். வெறும் தண்ணீர் கொதிக்கும் பாத்திரம் 100 டிகிரியில் நிற்கும். எண்ணெய் காய்ந்த வாணலியின் அடியோ 200 டிகிரியைச் சுலபமாகத் தொட்டுவிடும். வெள்ளைப் பலகையில் அதை வைத்து எடுத்தால், வாணலி அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம் விழுந்திருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அது மேலே படிந்த கறை இல்லை, உள்ளிருக்கும் பிசினே கருகியது. சூடான பாத்திரத்துக்கு அடியில் பிரிமணை வைத்துப் பழகியவர்களுக்குக் குவார்ட்ஸ் அருமையான பொருள். கறை உறிஞ்சாது, கறை இறங்காமலிருக்கக் கல்லுக்குப் பூசும் சீலர் என்ற பூச்சும் தேவையில்லை. உங்கள் வீட்டுக்குத்தான் பொருந்தாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. இந்தப் பலகையை உலர்வாக அறுக்கும்போது பறக்கும் சிலிகா தூசி, அறுப்பவரின் நுரையீரலைக் கெடுக்கிறது. இதனால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகைக்கே தடை விதித்தது. கிரானைட்டிலும் சிலிகா உண்டு, அளவு குறைவு. எந்தக் கல்லானாலும் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். வேலை செய்பவர் சரியான முகமூடி போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

சரி, மார்பிள். அது சுண்ணாம்புச் சத்துள்ள கல்; கீறலைத் தாங்கும் திறனை 1-லிருந்து 10 வரை சொல்லும் மோஸ் கடினத்தன்மை அளவில் 3 தான். கிரானைட் 6-லிருந்து 7 வரை. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்து சில நிமிஷம் கிடந்தால், அந்த இடத்தில் பளபளப்பு போய் மங்கலாகிவிடும். 'சீலர் பூசிவிட்டால் போச்சு' என்பார்கள். சீலர் கறை உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும், அமிலம் மேற்பரப்பை அரிப்பதைத் தடுக்காது. ஆசை விடவில்லையென்றால், அடுப்பையும் சிங்க்கையும் விட்டுத் தள்ளி, மாவு தேய்க்க ஒரு சின்ன மேடையாக மார்பிள் போட்டுக்கொள்ளுங்கள்.

கிரானைட் வாங்கும்போது பெயரை நம்பாதீர்கள். அந்தப் பெயரில் வேறு கற்களும் விற்கின்றன. நீங்கள் பார்த்த அதே பலகையின் வெட்டுத்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வாருங்கள். ஒரு மூலையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு 15 நிமிஷம் கழித்துத் துடையுங்கள். கல் கருத்திருந்தால் உறிஞ்சுகிறது, சீலர் தேவைப்படும். இன்னொரு மூலையில் எலுமிச்சைச் சாறு விட்டு அரைமணி கழித்துத் துடைத்து, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு மங்கியிருந்தால் அதில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது, வேண்டாம். கறுப்புக் கல்லென்றால் பஞ்சில் நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைத் தொட்டுத் தேயுங்கள். பஞ்சு கறுத்தால் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

சூடு தாங்குவதில் போர்சலின் என்ற பீங்கான் பலகையும் நல்லதுதான். ஆனால் கனமான பாத்திரம் ஓரத்தில் இடித்தால் சில்லு பெயரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீறும், உடையவே உடையாது. மரப்பலகை மேல் பிளாஸ்டிக் தகடு ஒட்டிய லேமினேட் பக்கம் போகாதீர்கள்: சூடு ஆகாது, சிங்க் ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் அடியிலுள்ள பலகை உப்பிவிடும்.

அப்புறம், நல்ல கல்லும் பொருத்தும் விதத்தால் விரிசல் விடும். அடுப்புக்கும் சிங்க்குக்கும் வெட்டும் இடத்தில் முன்னும் பின்னும் ஒல்லியான பட்டைதான் மிஞ்சும். கல்லின் பலவீனமே அங்கேதான். வெட்டின் உள்மூலையைச் சதுரமாக விட்டால் விரிசல் அந்த முனையிலிருந்து கிளம்பும். வளைத்து வெட்டச் சொல்லுங்கள். அந்தப் பட்டைக்கு அடியில் தாங்கல் இருக்கட்டும், பலகைகள் சேரும் மூட்டு சிங்க் மேல் வரவேண்டாம். முன் ஓரத்தின் அடிப்பக்கம், விளிம்பிலிருந்து ஒரு விரல் உள்ளே தள்ளி, நீளவாக்கில் மெல்லிய கோடு போல் ஒரு பள்ளம் இழைக்கச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடாமல் அங்கேயே சொட்டும். கீழே அலமாரிக் கதவு ஊறாது. கல்லைப் பதித்துவிட்டால் அந்த இடத்துக்குக் கருவியைக் கொண்டுபோவது பெரும்பாடு, அதனால் பட்டறையிலேயே செய்து வாங்கிவிடுங்கள்.