ஒரே லேப்டாப், வேறு வேறு திரை: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மடிக்கணினி பழுது பார்க்கிறேன். "எந்தக் கம்பெனித் திரை நல்லது?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. ஒவ்வொருவருக்கும் கடை வாசலில் நின்று அவசரமாகச் சொல்லி அனுப்புவது எனக்கே மனத்துக்கு நிறைவாக இல்லை. அதனால் கேள்விகளை எழுதித் தரச் சொன்னேன். வந்தவற்றுக்கு என் பதில்கள் இவை.

ஆறாம் படிவ மாணவி: அண்ணா, நானும் என் தோழியும் ஒரே கடையில், ஒரே மாடல் லேப்டாப் வாங்கினோம். அவள் திரை வெள்ளையாக இருக்கிறது, என்னுடையது மஞ்சளாக இருக்கிறது. எனக்குப் பழைய சரக்கைக் கொடுத்துவிட்டார்களா?

முதலில் செட்டிங்ஸில் 'நைட் லைட்' ஓடுகிறதா என்று பாரும்மா. மஞ்சள் என்று என்னிடம் வந்த சில மடிக்கணினிகளுக்கு அதை அணைத்ததே போதுமாக இருந்தது. அது இல்லையென்றால், பழைய சரக்கு என்று உடனே நினைக்க வேண்டாம். மடிக்கணினி விற்கும் கம்பெனிகள் பெரும்பாலும் திரையை வெளியில்தான் வாங்குகின்றன. கொரியாவில் எல்ஜி டிஸ்ப்ளே, சாம்சங் டிஸ்ப்ளே, தைவானில் ஏயூஓ, இன்னோலக்ஸ், சீனாவில் பிஓஇ, ஜப்பானில் ஷார்ப். ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று பேரிடம் வாங்கி, கையில் இருப்பதை மாட்டி அனுப்புவார்கள். விலை உயர்ந்ததிலும் இது உண்டு. 2012ல் வந்த ரெட்டினா மேக்புக் புரோவில் சிலருக்கு எல்ஜி திரை, சிலருக்கு சாம்சங் திரை வந்தது. எல்ஜி திரை கிடைத்தவர்கள் பலர், முன்பு இருந்த படத்தின் நிழல் திரையிலேயே தங்கிவிடுகிறது என்று புகார் செய்தார்கள். பெட்டியின் மேல் இதெல்லாம் எழுதியிருக்காது. மஞ்சள் சாயல் மட்டும்தான் உங்கள் குறை என்றால் வண்ண அமைப்பில் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம், கொண்டு வாருங்கள்.

செம்பனைத் தோட்டக் கிராணி: தம்பி, சுற்றி வளைக்காமல் வரிசை போட்டுச் சொல்லுங்கள். முதலிடம் யாருக்கு, கடைசி இடம் யாருக்கு?

அண்ணே, அந்த வரிசையைப் போட்டால் உங்களைத் தவறான வழியில் அனுப்பியவன் ஆவேன். இந்தக் கம்பெனிகளில் பெரும்பாலானவை மலிவுத் திரையும் செய்கின்றன, உயர்ந்த திரையும் செய்கின்றன. பார்க்க வேண்டியது திரையின் மாடல் எண். ஏயூஓவின் 14 அங்குலத் திரைகளில் 'பி140எச்டிஎன்' (B140HTN) என்று தொடங்குவது டிஎன் (TN) எனும் மலிவு வகை, 'பி140எச்ஏஎன்' (B140HAN) என்று தொடங்குவது ஐபிஎஸ் (IPS) எனும் உயர்ந்த வகை. நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் வேறு. ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் முதலாவது வெளிறிப்போகும், இரண்டாவது நிறம் மாறாமல் நிற்கும். பிஓஇயில் 'என்டி' (NT) என்று தொடங்கினால் டிஎன், 'என்வி' (NV) என்று தொடங்கினால் ஐபிஎஸ் வகை. இன்னோலக்ஸில் 'என்140எச்ஜிஏ' டிஎன், 'என்140எச்சிஏ' ஐபிஎஸ். பிஓஇ என்றாலே மட்டம் என்று இங்கே சிலர் பேசுகிறார்கள். அது 1993ல் பெய்ஜிங்கில் தொடங்கிய கம்பெனி. இன்று விலை உயர்ந்த மடிக்கணினிகளிலும் அதன் திரை இருக்கிறது. அதேபோல எல்ஜி பெயர் போட்ட மங்கலான டிஎன் திரைகளை நானே எத்தனையோ கழற்றியிருக்கிறேன்.

கல்லூரி மாணவர்: ஐபிஎஸ் என்றால் எல்ஜி மட்டும்தானே அண்ணா?

இல்லை. 1996ல் அதை உருவாக்கியது ஹிட்டாச்சி. பிறகு ஒவ்வொருவரும் தங்கள் பெயரில் அதே வழியில் செய்தார்கள்: ஏயூஓ 'ஏஎச்விஏ' என்கிறது, பிஓஇ 'ஏடிஎஸ்' என்கிறது, சாம்சங் 'பிஎல்எஸ்' என்றது. கண்ணுக்குக் கிடைக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

திருமணப் படம் எடுப்பவர்: அண்ணா, என் லேப்டாப்பில் அழகாகத் தெரிகிற அரக்கு நிறப் புடவை, ஆல்பத்தில் எரிகிற சிவப்பாக வருகிறது. அச்சுக் கடைக்காரர் தன் மீது தவறில்லை என்கிறார். இரண்டு குடும்பத்தாரிடம் பேச்சு வாங்கிவிட்டேன்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் வருத்தமாக இருந்தது, ஏனென்றால் இதில் உங்கள் தவறும் இல்லை, அச்சுக் கடையின் தவறும் இல்லை. நீங்கள் போன மாதம் கடைக்குக் கொண்டு வந்த லேப்டாப்பின் திரை '45 விழுக்காடு என்டிஎஸ்சி' வகை. 1953ல் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கு வகுத்த நிற எல்லைதான் இந்த என்டிஎஸ்சி. அதில் 45 விழுக்காடுதான் உங்கள் திரைக்கு எட்டும். இணையப் படங்களுக்கும் பெரும்பாலான ஆல்பம் கடைகளுக்கும் அளவுகோலாக இருப்பது எஸ்ஆர்ஜிபி என்ற இன்னொரு நிற எல்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் திரை ஏறத்தாழ 60, 65 விழுக்காட்டோடு நின்றுவிடுகிறது.

அதிகம் அடிபடுவது சிவப்புதான். அரக்கு நிறம் உங்கள் திரையில் செங்கல் போலத் தெரியும். "புடவை செத்துப்போய் இருக்கிறதே" என்று நீங்கள் சிவப்பைக் கூட்டுவீர்கள். கூட்டியது படக்கோப்பில் முழுதாகப் பதிந்துவிடும், உங்கள் திரைதான் அதைக் காட்டாது. அச்சில் அது அப்படியே வெளியே வரும். கூடவே மணப்பெண் கன்னமும் சிவக்கும், தாலிக்கயிற்றின் மஞ்சள் ஆரஞ்சாகும்.

வண்ணம் அளக்கும் கருவி வாங்கினால் சரியாகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இருக்கிற நிறங்களை அது ஒழுங்குபடுத்தும், இல்லாத நிறத்தைக் கொண்டு வராது. திரையைத்தான் மாற்ற வேண்டும். '100 விழுக்காடு எஸ்ஆர்ஜிபி' என்றோ '72 விழுக்காடு என்டிஎஸ்சி' என்றோ எழுதியிருக்கும் திரை போதும். நடைமுறையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஏயூஓவிலும் கிடைக்கும், இன்னோலக்ஸிலும் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் (OLED) திரை வாங்குவதாக இருந்தால் இதற்கு நேர்மாறான தவறு நடக்கலாம். அது எஸ்ஆர்ஜிபியையும் தாண்டி நிறம் காட்டுவதால், அமைப்பில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றாமல் வேலை செய்தால் நிறத்தைக் குறைத்துக் குறைத்து வைப்பீர்கள், ஆல்பம் வெளிறி வரும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: வகுப்பில் ஒரு லேப்டாப்பைச் சுற்றி ஐந்தாறு பிள்ளைகள் உட்காருவார்கள். ஓரத்தில் இருப்பவர்கள் தெரியவில்லை என்கிறார்கள். எழுத்தும் தெளிவாக இல்லை.

ஓரப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவது டிஎன் திரையால். ஐபிஎஸ் திரை மாட்டினால் அந்தக் குறை அன்றே தீரும். டீச்சர், எழுத்து விஷயம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பழைய மலிவுத் திரைகளில் 1366க்கு 768 புள்ளிகள்தான் இருக்கும். 14 அங்குலத்தில் அது ஓர் அங்குலத்துக்கு 112 புள்ளி. 1920க்கு 1080 திரையில் 157. ஆங்கில எழுத்துக்கு முன்னது ஓரளவு போதும். தமிழில் மெய்யெழுத்தின் மேல் இருக்கிற புள்ளியும், 'கி'க்கும் 'கீ'க்கும் இடையில் இருக்கிற சின்னச் சுழியும் சிறிய எழுத்தில் கரைந்துவிடும். படிக்கப் பழகுகிற குழந்தைக்கு அந்தச் சுழிதான் பாடமே. புதிதாக வாங்குவதாக இருந்தால் 1366 திரையைத் தயவுசெய்து ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கிராணி மறுபடியும்: சரி, என் லேப்டாப்பைப் பிரிக்காமல் எந்தத் திரை என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும் அண்ணே. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மானிட்டர்ஸ் என்பதில் இருப்பதை இருமுறை அழுத்தி, டீட்டெய்ல்ஸ் பகுதியில் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். ஏயூஓ (AUO), பிஓஇ (BOE), எல்ஜிடி (LGD) என்று மூன்றெழுத்து வரும். சிஎம்என் (CMN) என்றால் இன்னோலக்ஸ்; சீ மெய் கம்பெனி 2010ல் அதோடு இணைந்ததால் பழைய பெயரின் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஸ்டிசி (SDC) சாம்சங், எஸ்எச்பி (SHP) ஷார்ப். முழு மாடல் எண் வேண்டுமென்றால் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவசச் செயலி பெரும்பாலும் காட்டிவிடும்.

ஓய்வு பெற்ற தோட்டக் கண்டக்டர்: மகன் ஓலெட் லேப்டாப் வாங்கித் தந்தான். படம் அருமை. ஆனால் இரவில் அரை மணி நேரம் படித்தால் தலை வலிக்கிறது. என் வயதுதான் காரணமா?

ஐயா, வயதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. பல ஓலெட் மடிக்கணினித் திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது உண்மையில் அணைந்து அணைந்து எரிகின்றன, நொடிக்கு 240 முறை போல. கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலி வரும். கைத்தொலைபேசிக் கேமராவில் ஷட்டர் வேகத்தைக் கூட்டித் திரையைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் அதுதான். திரை வெளிச்சத்தைக் கூட்டி வைத்து, எழுத்தின் பின்புலத்தைக் கறுப்பாக்கி, அறை விளக்கைப் போட்டுக்கொண்டு படித்துப் பாருங்கள். அப்படியும் வலித்தால் மருத்துவரிடம் கண்ணைக் காட்டுங்கள். பிறகு ஐபிஎஸ் திரை உள்ள ஒன்றுக்கு மாறிவிடலாம். மகனிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

வீட்டிலிருந்து கணக்கு எழுதும் சகோதரி: அஞ்சடியில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) உட்கார்ந்து வேலை செய்கிறேன். பகலில் என் முகம்தான் திரையில் தெரிகிறது.

திரை வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். மலிவுத் திரைகள் 250 நிட்ஸோடு நிற்கும். நம் ஊர் வெயிலுக்கு, நிழலில் உட்கார்ந்தாலும், 400 நிட்ஸ் இருந்தால்தான் நிம்மதி. பளபளப்பில்லாத மேற்பரப்பும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் மேற்பரப்பைப் பாருங்கள் அக்கா.

பட்டறையில் வேலை செய்யும் தம்பி: இணையத்தில் திரை வாங்கி நானே மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் அளந்துவிட்டு வாங்கு. பின்பக்க இணைப்பு 30 முனையா 40 முனையா? பக்கங்களில் திருகு போடும் காது இருக்கிறதா? 15.6 அங்குலம் என்ற ஒரே பெயரில் 350 மில்லிமீட்டர் அகலமும் உண்டு, 360ம் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. அப்புறம், விற்பவரிடம் மாடல் எண்ணைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள். ஒரு முறை ஒருவர் ஐபிஎஸ் என்று சொல்லி எனக்கு டிஎன் அனுப்பினார். விளம்பரத்தில் 'பொருந்தும் திரை' என்று மட்டும் எழுதியிருந்ததால் பணம் திரும்பவில்லை. வந்ததும் ஒட்டுவதற்கு முன்பே இணைத்து, முழு வெள்ளை, முழு கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பார். செத்த புள்ளி அப்போதே தெரிந்துவிடும். பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் திரைக் கேபிளில் கை வைக்க வேண்டும்.

கல்லூரி மாணவர் மறுபடியும்: சார்ஜரைப் பிடுங்கியதும் திரை மங்குகிறது. திரை மட்டமா?

இல்லை. இன்டெல் கிராபிக்ஸ் அமைப்பில் மின்சாரம் மிச்சப்படுத்தும் வசதி ஒன்று இருக்கிறது, அதை அணைத்துவிடுங்கள்.

ஆசிரியை மறுபடியும்: ஒரு சின்னப் பூச்சி திரைக்குள்ளேயே ஊர்ந்து போகிறது. துடைத்தால் போகவில்லை.

துடைக்கவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம் டீச்சர்! திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைப் பரப்பும் மெல்லிய தாள்களுக்கு நடுவில் அது இருக்கிறது. நசுக்கினால் அங்கேயே ஒட்டிக்கொண்டு கறுப்புப் புள்ளியாக நிரந்தரமாகிவிடும். லேப்டாப்பை அணைத்து, அறையையும் இருட்டாக்கி, திரையின் விளிம்புக்கு வெளியே ஒரு சிறு விளக்கை வைத்துவிடுங்கள். பூச்சி வெளிச்சத்தைத் தேடித்தான் உள்ளே போனது. ஓர் இரவு விட்டால் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும். வரவில்லையென்றால் காலையில் பள்ளிக்குப் போகிற வழியில் கடையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.