நடுவில் நிற்பவர் வாய் திறக்க வேண்டுமா?

கேள்வி: சொந்தத்தில் ஓர் அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு. இரண்டு பேருமே என்னிடம் நியாயம் கேட்டார்கள். ‘நான் நடுநிலை, என்னை விட்டுவிடுங்கள்’ என்று சொல்லி எழுந்துவிட்டேன். ‘நழுவுவதற்குப் பேர் நடுநிலையாடா’ என்று தாய்மாமா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். நடுநிலை என்றால் யார் பக்கமும் சேராமல் இருப்பதுதானே?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் உங்கள் மாமா கட்சி. இன்றைய பேச்சுவழக்கில் நீங்கள் சொன்னதும் தப்பில்லைதான், ஆனால் அந்தச் சொல் நெடுங்காலம் சுமந்த பொருள் வேறு.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றி ஒரு வரி வருகிறது: ‘நெடுநுகத்துப் பகல்போல நடுவு நின்ற நன்னெஞ்சினோர்’. இங்கே பகல் என்பது வெயிலடிக்கும் பகல் இல்லை, நுகத்தடியின் நட்டநடுவில் இருக்கும் ஆணி, பகலாணி. நுகத்தை இரண்டாகப் பகுப்பதால் பகல். அந்த ஆணி ஒரு விரல்கடை தள்ளிப் போனால்கூட பாரம் ஒரு மாட்டின் கழுத்தில் கூடுதலாக ஏறிவிடும். சரி, இந்த வணிகர்கள் என்ன செய்கிறார்கள்? ஒதுங்கியா நிற்கிறார்கள்? கொள்வதை மிகையாகக் கொள்ளாமல், கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காமல், விற்கிறார்கள், வாங்குகிறார்கள். முழு பாரமும் அந்த ஆணி வழியாகத்தான் போகிறது.

அப்புறம் திருக்குறள். 12ஆம் அதிகாரமே நடுவுநிலைமை. ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ என்று தராசைத்தான் உவமையாகக் கொண்டுவருகிறார் வள்ளுவர். நன்னூல் எழுதிய பவணந்தியும் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும்போது அதே தராசை எடுத்துக்கொண்டு, ‘ஐயந் தீரப் பொருளை யுணர்த்தலும் மெய்ந்நடு நிலையும் மிகுநிறை கோற்கே’ என்கிறார். ஐயம் தீர உணர்த்துவது முதலில், நடுநிலை அதற்கு அடுத்து, இரண்டும் ஒரே கோலுக்கு. மீன் கடைக்காரர் தட்டில் மீனைப் போட்ட பிறகு, எடையைச் சொன்னால் யாருக்காவது மனம் நோகும் என்று தராசு சும்மா இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கமாட்டாரா?

நடுவர் என்ற சொல்லையே பாருங்களேன். பட்டிமன்றத்தில் நடுவர் இரண்டு மணி நேரம் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, கடைசியில் தீர்ப்புச் சொல்லாமல் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனால் கூட்டம் விடுமா? எமனுக்குக்கூட நடுவன் என்று ஒரு பெயர் உண்டு, தீர்ப்பே சொல்லாதவர் என்று அவரைப் பற்றி யாரும் குறைப்பட்டதில்லை.

இதற்கு எதிர்ச்சொல்லைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நடுவுக்கு எதிர் ஓரம். ‘மன்றோரம் சொன்னார் மனை’ என்கிறது நல்வழி: வழக்கு மன்றத்தில் ஒருதலையாகப் பேசியவர் வீட்டில் வேதாளம் சேரும், வெள்ளெருக்கு பூக்கும், மூதேவி வந்து குடியிருப்பாள் என்று ஔவைப் பாட்டி விடும் சாபம் சாதாரணமானது இல்லை. மாமியார் ஒரு மருமகளுக்கு மட்டும் பெரிய துண்டு மீன் வைத்தால் இன்றைக்கும் அதற்குப் பெயர் ஓரவஞ்சனைதான்.

கேள்வி: அப்படியானால் எந்தப் பக்கமும் சேராதவருக்குத் தமிழில் சொல்லே இல்லையா?
— ஒரு வாசகி, மட்டக்களப்பு

பதில்: அருமையான சொல் ஒன்று இருக்கிறது, நாம்தான் பரணில் போட்டுவிட்டோம். நொதுமல். நட்பும் இல்லை, பகையும் இல்லை, அயல். அப்படிப்பட்டவர் நொதுமலர். அகப்பாடல்களில், தலைவியைப் பெண் கேட்டு அவள் காதலன் அல்லாத அயலார் வருவதை ‘நொதுமலர் வரைவு’ என்பார்கள்.

எனக்குப் பிடித்த இடம் குறுந்தொகையின் 12ஆம் பாட்டு. காதலன் போன வழியோ கொல்லன் உலைக்கல் மாதிரி கொதிக்கும் பாறை, அங்கே அம்பைத் தீட்டிக்கொண்டு நிற்கும் எயினர், அதாவது பாலைநில வேடர். அவள் அதை நினைத்துத் தவிக்க, ஊர் என்ன செய்கிறது? ‘அவலம் கொள்ளாது நொதுமல் கழறும் இவ்வழுங்கல் ஊரே’ என்கிறாள். கவலையே படாமல், யாரோ எவரோ போல அவளுக்கு அறிவுரை சொல்கிறதாம். பக்கம் சேராததன் குளிர்ச்சி முழுக்க அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இந்த இரண்டு சொல்லையும் குழப்பிக்கொள்ள இடமே இல்லாமல், திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் ஒரு வேலை செய்து வைத்திருக்கிறார். நடுவுநிலைமைக்கு அவர் தரும் விளக்கம்: ‘பகை, நொதுமல், நண்பு என்னும் மூன்று பகுதியினும் அறத்தின் வழுவாது ஒப்ப நிற்கும் நிலைமை’. கவனியுங்கள், யாரிடமெல்லாம் நடுவுநிலை காட்ட வேண்டுமோ அந்தப் பட்டியலில்தான் நொதுமல் வருகிறது! அதோடு, செய்ந்நன்றி அறிதலுக்கு அடுத்து இந்த அதிகாரம் ஏன் வைக்கப்பட்டது என்றும் சொல்கிறார்: உதவி செய்தவரை நினைத்ததும் நடுவுநிலை குலையும், அங்கேயும் குலையக்கூடாது என்பதற்காகவாம். மன்னார்குடிக்காரர் இதை மாமாவிடம் காட்ட வேண்டாம்.

பிற்காலத்தில் ‘நியூட்ரல்’ என்ற சொல் வந்தபோது அதற்கு நடுநிலையைக் கொடுத்துவிட்டோம். அதன் லத்தீன் வேருக்கு ‘இரண்டில் எதுவும் இல்லை’ என்றுதான் பொருள். அதாவது நொதுமலுக்குப் போக வேண்டிய கடிதம் நடுநிலை வீட்டில் விழுந்துவிட்டது என்பது என் எண்ணம். சுவிட்சர்லாந்து நடுநிலை நாடு ஆனது அப்படித்தான். ‘அணிசேரா நாடுகள்’ என்று மொழிபெயர்த்தவர் யாரோ, அவர் விவரமானவர். 1961இல் பெல்கிரேடில் கூடியவர்களும், 1976இல் உங்கள் கொழும்பில் கூடியவர்களும் உலக விவகாரத்தில் வாய் திறக்கமாட்டோம் என்று சொல்லவில்லை, எந்த வல்லரசின் அணியிலும் இல்லை என்றுதான் சொன்னார்கள்.

கேள்வி: பைக்கில் நியூட்ரல் கியரை ‘நடுநிலை’ என்று எழுதலாமா?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: பெரும்பாலான பைக்குகளில் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்தான் அது இருக்கிறது, இடத்தைப் பார்த்தால் நடுநிலை பொருந்தும். ஆனால் இன்ஜின் பாட்டுக்கு உறுமுகிறது, சக்கரத்துக்கு அதோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது அசல் நொதுமல். மெக்கானிக்கிடம் அப்படிச் சொல்லிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.