கல்லூரி மாணவர்கள் ஃப்ளூ காய்ச்சலுக்கான தடுப்பூசி போட முன்வருவதும் தயங்குவதும் எதனால்?

முதலில், 'நமக்கென்ன வரப்போகிறது' என்ற நினைப்பு. பெங்களூரு மடிவாளாவில் நான் தங்கியிருந்த பிஜி விடுதியில் ஒரு மழைக்காலம் எட்டுப் பேரும் இருமினோம். கஷாயமும் டோலோவும்தான் வைத்தியம், ஊசி யாருக்கும் தோன்றவே இல்லை.

அப்புறம் பணம். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை, கைக்காசுதான். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் வருஷா வருஷம் வேறு போட வேண்டும்.

ஊசியே காய்ச்சலைக் கொடுக்கும் என்ற பயமும் உண்டு. வழக்கமான ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ். அதனால் ஃப்ளூ வராது, ஓரிரு நாள் கைவலி, உடம்புச்சூடு இருக்கலாம். எதிர்ப்புச் சக்தி உருவாக 2 வாரம் ஆகும். அதற்குள் சளி பிடித்தால் பழி ஊசிமேல்!

போஸ்டரைப் பார்த்து மனம் மாறியவர்களை நான் பார்த்ததில்லை. வகுப்புக்குப் பக்கத்திலேயே முகாம், கூட வர ஒரு நண்பன், 'போட்டுக்கோப்பா' என்று நேரில் சொல்லும் டாக்டர், இவைதான் ஆளை நகர்த்தும். வீட்டில் ஆஸ்துமா உள்ள பாட்டி இருந்தால் சொல்லவே வேண்டாம்.