ஸ்டூடியோவில் எடுபடாத பாட்டு, மேடைப் பதிவில் எப்படி உலக ஹிட் ஆகிறது?

சீப் ட்ரிக் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் 'ஐ வான்ட் யூ டு வான்ட் மீ' பாட்டு நல்ல உதாரணம். 1977இல் வந்த ஸ்டூடியோ பதிவு அமெரிக்காவில் எடுபடவே இல்லை. பியானோ சேர்த்து, கொஞ்சம் சாதுவாக்கிவிட்டார்கள். ஆனால் ஜப்பானில் அந்தக் குழுவுக்கு ரசிகர்கள் ஏராளம். 1978 ஏப்ரலில் டோக்கியோ புடோகான் அரங்கில் அதையே வேகமாக, கிட்டாரை முன்னிறுத்தி வாசித்தார்கள். ஒரு வரிக்கு ரசிகைகள் 'க்ரையிங், க்ரையிங்' என்று எதிர்க்குரல் கொடுப்பார்கள் பாருங்கள், பாட்டின் உயிரே அதுதான் என்பேன்!

அந்த மேடை நிகழ்ச்சியைப் பதிவுசெய்த ஆல்பம் முதலில் ஜப்பானுக்கென்றே வெளியானது. இறக்குமதிப் பிரதிகளை அமெரிக்கர்கள் தேடி வாங்க, அப்புறம் அங்கேயும் வெளியிட்டார்கள். 1979இல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் இந்தப் பாட்டுக்கு 7ஆம் இடம். இன்றும் வானொலிகளில் பெரும்பாலும் ஒலிப்பது இந்த மேடைப் பதிவுதான்.